தகரத் துண்டு முதல் அடையாள அட்டை வரை: கண்டிச் சீமையில் குடியேறியோரின் அன்றாட வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

தமிழகத்தின் கிராமங்களில் இலங்கையின் மலைநாடு முழுவதும் நெடுங்காலம் ‘கண்டிச் சீமை’ என்ற ஒரே பெயரால் வழங்கி வந்தது. ஹட்டனுக்குப் போனவரும் பதுளைக்குப் போனவரும் ஊரார் பேச்சிற் கண்டிக்குப் போனவரே. அவர்தம் வழித்தோன்றல்கள் ஒரு நூற்றாண்டின் பின் தமிழகத்துக்கு அனுப்பப்பட்டபோது அங்கே ‘சிலோன்காரர்’ எனப்பட்டனர். கண்டியில் வாழ்ந்தவரை இந்தியர். இந்தியா சென்றதும் சிலோன்காரர். இம்முரண் பெயர்வழக்குப் பற்றியது மட்டுமன்று. ஒரு மக்கட் கூட்டம் எங்கு வாழினும் வேறெங்கோ இருந்து வந்ததாகவே கொள்ளப்படும் நிலை எவ்வாறு தோன்றிற்று, அந்நிலையை நாள்தோறும் இயக்கிய சாதனங்கள் யாவை என்பன சமூகவியல் நோக்கில் விடை காணப்படவேண்டிய வினாக்களாகும்.

இலங்கையின் இனமுரண்பாடு பற்றிய ஆய்வுகளிற் பெரும்பாலானவை வடக்குக் கிழக்கு மாகாணங்களையே மையமாகக் கொண்டவை. போர் நடந்த களம் அதுவாதலின் இது இயல்பே. எனினும் போர்க்களத்துக்கு வெளியே, முரண்பாட்டின் எந்தத் தரப்பினராலும் முழுமையாகத் தம்மவர் என ஏற்கப்படாது, அம்முரண்பாட்டின் விளைவுகளை மட்டும் அனுபவித்த மலையக மக்களின் அன்றாட வாழ்வு பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது. இக்கட்டுரையில் நாம் கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் களமாகக் கொண்டு ஒரு கருத்தை முன்வைக்க முயல்கிறோம். ‘குடியேறியோர்’ என்பது பிறப்பாலோ மொழியாலோ அமைந்த அடையாளமன்று. மலிவான உழைப்பைத் தொடர்ந்து பெறும் பொருட்டு உற்பத்தி உறவுகளாற் படைக்கப்பட்டு, பின்னர் சட்டத்தால் உறுதிசெய்யப்பட்ட நிலை அது. அந்நிலை கடதாசிகள் வழியாக இயக்கப்பட்டது. முரண்பாடும் அம்மக்களின் வாசலுக்கு அதே கடதாசிகள் வழியாகவே பெரிதும் வந்து சேர்ந்தது.

1. பருவகாலக் கூலியும் நிரந்தரக் குடியும்

கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்ஹபிட்டியவில் 1820களில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கப்பட்டது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச்சட்டம், உறுதி காட்ட இயலாத நிலங்களை அரசுடைமையாகக் கொள்ள வழிவகுத்தது. கண்டிச் சிங்கள விவசாயி தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தும் மாடு மேய்த்தும் வந்த மேட்டுநிலம், எழுதிய உறுதி இல்லாமையால் அவனது கையைவிட்டுப் போயிற்று. இங்கு ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்: கடதாசி இன்மையின் விளைவை மலைநாட்டில் முதலில் அனுபவித்தவன் சிங்கள விவசாயியே. அதே மலைகளிற் கடதாசியாற் கட்டுண்டவன் பின்னால் வந்த தமிழ்த் தொழிலாளி. இருவரையும் எதிரெதிரே நிறுத்திய முதலின் கை ஒன்றே.

கோப்பிக்காலத்துத் தொழிலாளர் பருவகாலத்தில் வந்து அறுவடை முடிந்தபின் ஊர் திரும்பினர். மன்னார்க் கரையிலிறங்கி ஏறத்தாழ 150 மைல் காட்டுவழி நடந்து மாத்தளை சேர்ந்து, அங்கிருந்து கண்டித் தோட்டங்களுக்குப் பிரிந்தனர். வாந்திபேதியும் மலேரியாக் காய்ச்சலும் பட்டினியும் வழிநெடுகப் பலரைக் கொண்டன. அக்காலத்தில் அவர்களைக் குடிபெயர்ந்து வந்தோர் எனல் பொருந்தும். 1869 ஆம் ஆண்டிற் கோப்பியைத் தாக்கத் தொடங்கிய இலைநோய் அப்பொருளாதாரத்தைச் சரித்தது. கண்டிக்குத் தெற்கே லூல்கந்துர தோட்டத்தில் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. அதற்குப் பருவகாலக் கூலி போதாது. குடும்பத்தோடு தோட்டத்திலேயே தங்கும் உழைப்பு வேண்டும். பெண்ணின் விரல்களும், நாளைய தொழிலாளராகப் பிள்ளைகளும் வேண்டும். ஆகவே, தொழிலாளரை நிரந்தரக் குடிகளாக்கியது அவர்களது விருப்பத்தைக் காட்டிலும் தேயிலையின் உற்பத்தி முறையே எனலாம்.

1928 ஆம் ஆண்டின் டொனமூர் ஆணைக்குழு, இந்தியத் தொழிலாளருள் 40 முதல் 50 வீதமானோர் நிரந்தரமாகக் குடியமர்ந்தோர் என மதிப்பிட்டது. 1939 இல் இந்திய அரசாங்கம் இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடைசெய்தது. சுதந்திரம் வந்தபோது தோட்டங்களிற் புதிதாக வந்தோர் அரியர். அங்கேயே பிறந்தோர் பலர். உற்பத்தி முறை அவர்களை நிரந்தரக் குடியாக்கிவிட்ட பின்னரே சட்டம் அவர்களை வந்தேறிகள் என்றது. இந்தக் கால முரணே நமது விடயத்தின் மையமாகும்.

2. ‘பேர்’ என்னும் சொல்

தொழிலாளியின் முதற் கடதாசி கடதாசியே அன்று, தகரம். 1901 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தகரத் துண்டு முறையின்படி, இலங்கைக்குப் புறப்படும் ஒவ்வொருவருக்கும் தோட்டத்தின் பதிவிலக்கம் பொறித்த தகர வில்லை ஒன்று வழங்கப்பட்டது. அதனைக் காட்டியே அவர் புகைவண்டி ஏறவும் வழியில் உண்ணவும் முடிந்தது. அச்செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டுப் பின்னர் தொழிலாளியின் கடனாயிற்று. தோட்டத்தினுள் மற்றொரு ‘துண்டு’ இருந்தது. கங்காணியின் கீழுள்ளோர் பட்ட கடன் தொகையை எழுதி, அதனைச் செலுத்தும் எந்தத் துரையும் அவர்களை ஏற்றுக்கொள்ளலாம் எனக் கூறும் சீட்டு அது. மனிதர் கடனோடு கைமாறினர். 1921 ஆம் ஆண்டு இத்துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் ஒரு மனிதனின் இருப்பை அவனது கையில் இல்லாத ஒரு தாள் தீர்மானிக்கும் முறை ஒழியவில்லை.

தோட்ட மக்களின் பேச்சுவழக்கில் ‘பேர்’ என்ற சொல் இதனை நன்கு உணர்த்தும். அங்கு பேர் என்பது ஒருவரின் பெயர். அதுவே செக்றோலிற் பதியப்படும் ஒருநாள் வேலையும் ஆகும். குறித்த இறாத்தல் கொழுந்து எடுக்காதவளுக்கு ‘அரைப்பேர்’ விழும். பேர் பதிந்தவருக்கே லயத்திற் காம்பிரா உண்டு. பற்றுச்சீட்டுக் கொடுக்கப்பட்டவர் வேலையோடு வீட்டையும் இழப்பார். பெயர், கூலி, கூரை ஆகிய மூன்றும் ஒரே ஏட்டின் ஒரே வரியில் அடங்கியிருந்தன. உழைப்புச் சக்தி அதனை உடைய மனிதனின் பெயரையே விழுங்கிவிட்டமைக்கு இதனினும் தெளிவான மொழிச் சான்று தேடவேண்டியதில்லை.

அன்றாட ஒழுங்கும் இதற்கேற்பவே அமைந்தது. விடியுமுன் தப்போசை, பின்னர் பெரட்டுக்களம், பிள்ளையைப் பிள்ளைக்காம்பிராவில் விட்டுவிட்டு மலையேறும் தாய், நடுப்பகலிலும் மாலையிலும் கொழுந்து நிறுவை, இருட்டும் வேளையிற் பீலிக்கரையில் தண்ணீருக்காகக் காத்திருப்பு, பத்தடிக்குப் பத்தடி போன்ற அறையில் மூன்று தலைமுறையின் சமையலும் உறக்கமும். பெண்ணுக்கு மலை வேலையோடு காம்பிரா வேலையும் சேர்ந்தது. ஆயினும் ஆணுக்குச் சமமான நாட்கூலி அவளுக்கு 1984 ஆம் ஆண்டிலேயே கிடைத்தது; அவளது சம்பளத்தைக் கணவனோ தந்தையோ பெற்றுச்செல்லும் வழக்கம் அதற்குப் பின்னரும் நீடித்தது. சுரண்டல் துரைமாரோடும் கங்காணிமாரோடும் முடிந்துவிடவில்லை என்பதையும் சாதி வேறுபாடு லயத்துக்குள்ளேயே பேணப்பட்டதையும் நாம் மறைத்தல் ஆகாது.

இவ்வொழுங்கு எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டதெனக் கொள்வது தவறு. 1940 ஜனவரியிற் கண்டி மாவட்டத்தின் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்திற் கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தம் நடைபெற்றது. பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். லங்கா சமசமாஜக் கட்சியினர் அப்போராட்டத்திற் பங்குகொண்டனர். சிங்கள இடதுசாரி வழக்கறிஞர்கள் தமிழ்த் தொழிலாளிக்காக விசாரணை ஆணைக்குழு முன் வாதாடிய காலம் அது. வர்க்க ஒற்றுமை இந்த மலைகளில் வெறுங் கனவாக மட்டும் இருக்கவில்லை. ஆளும் வர்க்கம் அதனைக் கண்டு அஞ்சியமைக்கு எட்டாண்டுகளின் பின் வந்த சட்டங்களே சாட்சி.

3. கடதாசியின் ஆட்சி

1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் சென்றனர். வேறு பல தொகுதிகளிலும் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளருக்குத் துணைநின்றன. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949 இன் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும், அதே ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அவ்வாக்குகளை அழித்தன. இவற்றை இனவெறுப்பின் வெளிப்பாடாக மட்டும் கண்டு அமைவது போதாது. உழைப்பு வேண்டும், உழைப்பவனின் வாக்கு வேண்டாம் என்பதே இச்சட்டங்களின் பொருளாதார உள்ளடக்கமாகும்.

1949 இன் சட்டப்படி பதிவு கோருவோர், மணமானவராயின் 7 ஆண்டும் மணமாகாதவராயின் 10 ஆண்டும் இடைவிடாது இலங்கையில் வசித்தமையை நிறுவவேண்டும். 12 மாதங்களுக்கு மேற்பட்ட பிரிவு தொடர்ச்சியை முறித்துவிடும். விண்ணப்பிக்க ஈராண்டு அவகாசமே தரப்பட்டது. எழுத்தறியாத ஒருவர், தமது வாழ்வின் தொடர்ச்சியைத் தோட்ட அலுவலகத்தின் ஏடுகளைக்கொண்டு மெய்ப்பிக்க வேண்டியவரானார். ஓரிடத்தில் இராமசாமி என்றும் மற்றோரிடத்தில் ராமன் என்றும் எழுதப்பட்டவர், இருவரும் ஒருவரே என்பதற்குச் சான்று தேடி அலைந்தார். தாயின் ஈமக்கடனுக்காக ஊருக்குப் போய்த் தங்கியவருக்கு அப்பயணமே இடையூறாயிற்று. லயத்துக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கு வந்து, அலுவலகத்தின் கைவழியே லயத்தைச் சேரவேண்டும். விசாரணைக்கான அழைப்பு நாள் கடந்து கிடைத்தாற் பிரஜாவுரிமையும் கடந்துபோயிற்று. ஏறத்தாழ 824,000 பேரை உள்ளடக்கி விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. பதிவு பெற்றோரோ அவர்களில் ஆறில் ஒரு பங்கினரளவே.

எஞ்சியோர் பற்றிய தீர்வு 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமாக வந்தது. 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. மீதி 150,000 பேர் 1974 இற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். பங்கிடப்பட்டோரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. இதன் பின் கண்டியிலிருந்த இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் தோட்ட மக்களின் வாழ்வில் நீங்கா இடம் பெற்றது. ஒரே காம்பிராவில் தந்தை இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றவராகவும் மூத்த மகன் பதிவுப் பிரஜையாகவும் மகள் எந்நாட்டவளும் அல்லாதவளாகவும் இருந்த குடும்பங்கள் உண்டு. திருமணம் பேசும்போது சாதியும் சாதகமும் பார்த்த பெற்றோர், மாப்பிள்ளையின் ‘கடதாசி’ எந்த நாட்டுடையது என்றும் பார்த்தனர். தலைமன்னார் செல்லும் புகைவண்டி நிலையங்களில் எழுந்த அழுகையால் அவ்வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. அக்கரை சேர்ந்தோர் சிலர் நீலகிரியிற் புதிதாக அமைக்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்தெடுத்தனர். அங்கு வேலையும் லயமும் அவர்களுக்குப் பழக்கமானவை. ஊர் மட்டுமே புதிது.

குடிசன மதிப்பீடு இதனைச் சுருங்கக் கூறுகிறது. 1953 இல் நாட்டின் மக்கட்தொகையில் 12 வீதமாயிருந்த ‘இந்தியத் தமிழர்’ 1981 இல் 5.5 வீதமாகக் குறைந்தனர். நாடுகடத்தல் இதற்குத் தலையாய காரணம். தம்மை ‘இலங்கைத் தமிழர்’ எனப் பதியச் செய்தோரும் இருந்தமை மற்றொரு காரணம். அச்சத்திற் பெயரை மாற்றிச் சொல்வதும் அன்றாட வாழ்வின் ஓர் உத்தியே.

4. கலவர காலத்து அன்றாடம்

1970களின் நடுப்பகுதியில் மலைநாட்டைப் பட்டினி பீடித்தது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தாற் கண்டியைச் சூழ்ந்த இடைநாட்டுத் தோட்டங்கள் அரச நிறுவனங்களின் வசமாயின. அவற்றிற் பலவற்றில் வேலை குறைந்தது. சிலவற்றிலிருந்து தமிழ்த் தொழிலாளர் வெளியேற்றப்பட்டனர். கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி ஆகிய நகரங்களின் கடைத்தாழ்வாரங்களிற் கையேந்தி நின்ற குடும்பங்கள், நேற்றுவரை நாட்டின் அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்தவை. நிலச் சீர்திருத்தம் முற்போக்கானதே. ஆனால் நிலமற்ற தொழிலாளியை ‘அந்நியன்’ என ஒதுக்கிவைத்துச் செய்யப்பட்ட சீர்திருத்தம், ஒரு வறியவனின் கையிலிருந்ததை மற்றொரு வறியவனுக்குக் காட்டி இருவரையும் மோதவிட்டது.

1977 ஆகஸ்ட் வன்செயல் கண்டி, மாத்தளைப் பகுதித் தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. லயங்கள் எரிந்தன. பல்லாயிரவர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று காடுவெட்டிக் குடியேறினர். தம் மூதாதையர் நடந்து வந்த வடக்குப் பாதையிலேயே அவர்கள் திரும்பிச் சென்றனர். அங்கும் அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது கூலிவேலையும் ‘தோட்டக்காட்டார்’ என்ற இழிபெயருமே. வன்னிப் போரின் எல்லா இடப்பெயர்வுகளிலும், 2009 இன் இறுதி அழிவிலும் அவர்களுக்குப் பங்கு இருந்தது. வடக்கின் தமிழ்த் தேசியம் இம்மக்களின் இழப்பைத் தன் இழப்பாகக் கணக்கிற் சேர்த்த அளவுக்கு அவர்களது நிலவுரிமையைக் கணக்கிற் சேர்க்கவில்லை என்பதையும் கூறியாக வேண்டும்.

1983 மே மாதத்திற் பேராதனை வளாகத்திலேயே தமிழ் மாணவர் தாக்கப்பட்டனர். யூலை 26 இற் கண்டி நகரில் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. கடைமுதலாளியின் இழப்பு காப்புறுதிக் கணக்கில் ஏறியது. அக்கடையிற் சாமான் சுமந்த தோட்டத்து இளைஞனின் வேலையிழப்பு எக்கணக்கிலும் ஏறவில்லை. வன்செயலின் வர்க்கப் பரிமாணம் இத்தகைய சிறு விடயங்களிலேயே புலப்படுகின்றது.

பெருங்கலவரம் சில நாள்களில் ஓயும். அதன்பின் ஆண்டுக்கணக்கிற் தொடர்வது அன்றாடத்துள் நுழைந்த அச்சமே. கண்டிக்குப் பஸ் ஏறும் பெண், நெற்றிப் பொட்டை அழித்துவிட்டு ஏறினாள். பஸ்ஸினுள் பிள்ளை தமிழில் வாய்திறவாதபடி தாய் பார்த்துக்கொண்டாள். சிங்களம் நன்கு பேசுபவர் முன்வரிசையில் நின்று மற்றவருக்காகவும் பேசினார். வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லை உச்சரிக்கச் செய்து தமிழரை இனங்கண்டனர் என்பது கலவரங்கள் பற்றிப் பலரும் பதிவுசெய்த செய்தி. கண்டி வட்டாரத் தோட்ட மக்களிற் பலருக்குச் சிங்களம் சந்தையிலும் அயற்கிராமத்திலும் கற்ற மொழி. அயலவரோடு கொண்ட உறவின் மொழியாய் இருந்தது, உயிர்காக்கும் தேர்வின் மொழியாகவும் மாறிற்று. அவ்வுறவு வீண்போகவில்லை என்பதையும் குறிப்பிடல் வேண்டும். அயற்கிராமத்துச் சிங்களக் குடும்பங்கள் தம் வீடுகளில் தமிழரை மறைத்துவைத்துக் காத்த நிகழ்ச்சிகள் மலைநாடெங்கும் நினைவுகூரப்படுகின்றன.

1979 இற் பயங்கரவாதத் தடைச்சட்டம் வந்தது. அதன்பின் அடையாள அட்டை தகரத் துண்டின் இடத்தைப் பிடித்தது. அட்டை பெறப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். வீட்டிலும் லயத்திலும் பிறந்து ஒழுங்காகப் பதியப்படாதோருக்குச் சான்றிதழ் இல்லை. பிரஜாவுரிமை தீர்மானிக்கப்படாதோருக்கு வேறு தடைகள். அட்டை இல்லாதவர் சோதனைச் சாவடியிற் சந்தேக நபர். அட்டை உள்ளவரின் அட்டையிலோ தோட்டத்தின் பெயரும் தமிழ்ப் பெயரும் இருந்தன. அவரும் சந்தேக நபரே. கொழும்பின் கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்குச் சென்ற மலையக இளைஞரும் சிறுமியரும் பொலிசிற் பதிவு, கிராம சேவகரின் கடிதம், முதலாளியின் கடிதம் என மூன்று தாள்களோடு வாழப் பழகினர். 1998 ஜனவரி 25 ஆந் திகதி தலதா மாளிகைமீது விடுதலைப் புலிகள் குண்டுத்தாக்குதல் நடத்தியபின், கண்டி நகரில் இச்சோதனை மேலும் இறுகிற்று. போரை நடத்துவதில் எவ்விதத் தீர்மானமும் செய்யாத மக்கள், அப்போரின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் வீதியில் விளக்கமளிக்க வேண்டியவராயினர்.

லயக்காம்பிராக்களில் பழைய பிஸ்கற் தகரம் ஒன்று சாமிப்படத்தருகே வைக்கப்பட்டிருப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதி, தொழிற்சங்கச் சந்தாச் சீட்டு, பாட்டனின் பெயருள்ள மங்கிய சான்றிதழ், எவருக்கும் இனிப் பயன்படாத கடவுச்சீட்டு ஆகியன அதனுள் இருக்கும். கலவரக் காலத்திற் காட்டுக்குள் ஓடியோர் நகைக்கு முன் எடுத்துச் சென்றது அத்தகரத்தையே. பொருளுடைமை அற்ற வர்க்கத்துக்குத் தன் இருப்பை நிறுவும் தாள்களே உடைமையாகிவிட்டன.

5. இடதுசாரிகளின் கடன்

முற்போக்காளர் என நம்மைக் கருதிக்கொள்ளும் நாம் இவ்விடத்தில் நம்மையே வினவவேண்டியுள்ளது. 1948 இற் பிரஜாவுரிமைச் சட்டத்தை இடதுசாரிக் கட்சிகள் உறுதியாக எதிர்த்தன. அது அவ்வியக்கத்தின் பெருமைக்குரிய பக்கங்களுள் ஒன்று. ஆனால் 1964 ஜூனிற் சமசமாஜக் கட்சி கூட்டரசாங்கத்தில் இணைந்தது. அதன் தலைவர் நிதியமைச்சராயிருந்தபோதே சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1960களின் இறுதியில் மக்கள் விடுதலை முன்னணி தன் உறுப்பினருக்கு நடத்திய ஐந்து வகுப்புகளுள் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. அதிற் தோட்டத் தொழிலாளர் அவ்விஸ்தரிப்பின் கருவியாக நோக்கப்பட்டனர். நாட்டின் மிகப் பெரிய பாட்டாளிக் கூட்டம், பாட்டாளியின் பெயராற் பேசியவர்களாலேயே அந்நியரெனக் காணப்பட்டமை கோட்பாட்டுப் பிழை மட்டுமன்று. உழைப்பாளியை அவனது உழைப்பால் அன்றி அவனது கடதாசியால் அளந்த பார்வை அது. ஆளும் வர்க்கத்தின் அளவுகோலை அவ்வாறே கைக்கொண்டமையாகும்.

இதற்கு மாறாக, மக்களிடையே இருந்தே எழுந்த ஒரு விடை உண்டு. ‘இந்திய வம்சாவளியினர்’ என்ற அரசாங்கச் சொல்லுக்கு எதிராக 1960களிலிருந்து எழுத்தாளரும் ஆசிரியரும் இளைஞரும் ‘மலையகம்’ என்ற சொல்லை முன்னிறுத்தினர். சி. வி. வேலுப்பிள்ளை, என். எஸ். எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் முதலியோரின் ஆக்கங்கள் இச்சொல்லுக்கு உள்ளடக்கம் தந்தன. ‘வம்சாவளி’ எங்கிருந்து வந்தாய் எனக் கேட்பது. ‘மலையகம்’ எங்கு உழைக்கிறாய், எங்கு வாழ்கிறாய் எனக் கேட்பது. பெயர் மாற்றத்தின் பின்னே நின்றது உழைப்பினால் வரும் உரிமை பற்றிய கோட்பாடு. ஆகவே மலையக இலக்கியத்தைப் பிரதேச மணம் வீசும் இலக்கியமாக மட்டும் இரசிப்பது அதன் அரசியலை இழந்து நிற்பதாகும்.

6. முடிவுரை

1986, 1988 ஆம் ஆண்டுச் சட்டங்களும் இறுதியாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலையைச் சட்டத்தளவில் நீக்கின. போர் 2009 இல் முடிவுற்றது. எனினும் குடியேறியோர் நிலையின் அன்றாட எச்சங்கள் உடன் மறையவில்லை. 1987 இன் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாயிருந்தது. அது 2018 ஆம் ஆண்டிலேயே திருத்தப்பட்டது. நாட்கூலியை 1000 ரூபாயாக்கும் கோரிக்கை 2015 இல் எழுந்து 2021 இலேயே நிறைவேறிற்று. அதற்குள் விலைவாசி அதனை முந்திவிட்டது. 7 பேர்ச் காணியும் தனிவீடும் பெற்றோர் உளர். லயத்திலேயே வாழ்வோர் அவர்களினும் பலர். 2018 மார்ச்சிற் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களுக்கெதிராக நடந்த வன்செயல், ‘வந்தேறி’ என்ற சொல் கண்டிச் சூழலில் இன்னும் உயிரோடிருப்பதையும், அது ஒரு கூட்டத்தை விட்டு மற்றொரு கூட்டத்தைத் தேடிச் செல்லவல்லது என்பதையும் காட்டிற்று.

2023 இல், மலையகத்தின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தனர். மூதாதையர் கடன் சுமந்து நடந்த வழியை அவர்தம் வழித்தோன்றல்கள் கோரிக்கைகள் சுமந்து நடந்தமை வரலாற்றுப் பொருளுடையது. காணியும் வீடும், நியாயமான கூலியும், சமமான மொழியுரிமையும், தாம் விரும்பும் பெயரும் அவர்கள் கேட்டவை. இவற்றுள் எதுவும் அந்நியன் கேட்கும் சலுகை அன்று. காட்டை மலையாக்கி, மலையைத் தோட்டமாக்கிய உழைப்பு கேட்கும் பங்கு அது.

பேராதனை வளாகத்திலிருந்து நிமிர்ந்து நோக்கினால் ஹந்தானை மலைச்சரிவு தெரியும். அங்கு தேயிலை பயிரிட்ட மக்களைப் பற்றி நாம் இங்கு எழுதிய ஆய்வுகள் பலவும் அவர்களது பாடல்களையும் சடங்குகளையும் சேகரித்தன. அப்பணி வேண்டியதே. எனினும் பாட்டிலும் சடங்கிலும் தேடிய மக்களை, செக்றோலிலும் பிரஜாவுரிமைப் படிவத்திலும் சோதனைச் சாவடியின் பதிவேட்டிலும் தேடும் பணி இன்னும் பெருமளவு எஞ்சியுள்ளது. பிஸ்கற் தகரங்களிலுள்ள தாள்கள் செல்லரித்துக் கொண்டிருக்கின்றன. அவற்றைப் படித்துப் பொருள்கூறும் முதியோர் மறைந்து கொண்டிருக்கின்றனர். ஒவ்வொரு தோட்டத்திலும் அத்தாள்களைப் படியெடுத்து, அவற்றுக்குரியோரின் வாய்மொழியோடு சேர்த்துப் பேணுதல் நம் தமிழ்ச் சங்கங்கள் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும். ஒரு காலத்தில் அம்மக்களைக் கட்டிவைத்த அதே கடதாசிகள், இந்த நாட்டை ஆக்கியவர் எவர் என்பதற்கான சான்றுகளாகவும் ஆதல் கூடும்.